சேர்தலும் பின்செல்லுதலும்: திருநெல்வேலித் தமிழ்க் கிறிஸ்தவத்தில் சீடத்துவத்தின் வளர்ச்சி

முன்னுரை

ஒருவர் ஒரு சமயத்தைச் சார்ந்திருப்பதும் அச்சமயம் காட்டும் வழியில் நடப்பதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை எல்லாச் சமயங்களும் உணர்ந்துள்ளன எனினும் கிறிஸ்தவத்தில் இது மிகக் கூர்மையாகப் பேசப்படுகிறது. புதிய ஏற்பாட்டின் இறுதி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தின் மூன்றாம் அதிகாரம், லவோதிக்கேயா நகரத்துச் சபையாரை, சூடும் குளிர்ச்சியும் அற்ற வெதுவெதுப்பான நிலையில் இருப்பதற்காகக் கடிந்துகொள்கிறது. அச்சபையார் சமயத்தை மறுத்தவர்கள் அல்லர். குறையேதும் தமக்கில்லை என நிறைவுகொண்டவர்கள் என்பதே அங்குக் குற்றமாகக் கூறப்படுகிறது.

பெயரளவிலான நம்பிக்கை அர்ப்பணிப்புள்ள சீடத்துவமாக மாறுவது எவ்வாறு என்னும் வினாவை, 19ஆம் நூற்றாண்டுத் திருநெல்வேலித் தமிழ்க் கிறிஸ்தவர்களின் வரலாற்றைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். தூய ஆவியின் வல்லமை என அவர்கள் கூறிய அனுபவம் இம்மாற்றத்திற்குத் தூண்டுதலாக அமைந்தது. ஆயினும் அது நிலைபெற்றதற்கு, அனுபவத்தின் தீவிரத்தைக் காட்டிலும் அதிலிருந்து பிறந்த கடமைகளே காரணமாயின என்பது இங்கு நிறுவப்படும் கருத்தாகும்.

இரு வினைச்சொற்கள்

தென்தமிழ்நாட்டு மக்கள் வழக்கில் கிறிஸ்தவர் 'வேதக்காரர்' எனவும், அவர்தம் வழிபாட்டிடம் 'வேதக்கோயில்' எனவும், மதமாற்றம் 'வேதத்தில் சேர்தல்' எனவும் வழங்கப்பெற்றன. இவற்றுள் 'சேர்தல்' என்னும் வினை கருதத்தக்கது. சேர்தலுக்கு ஒரு கூட்டம் வேண்டும். ஒரு குடும்பமோ தெருவோ ஊரோ ஒருங்கே சேரலாம். திருநெல்வேலியில் நிகழ்ந்ததும் அதுவே. 1799ஆம் ஆண்டில் தாவீது சுந்தரானந்தம் முயற்சியால் முதலூர் என்னும் கிறிஸ்தவக் குடியிருப்பு தோன்றியது. பாளையங்கோட்டையில் 1820 முதல் பணியாற்றிய இரேனியுஸ் ஐயர், துன்புறுத்தலுக்கு ஆளான புதிய கிறிஸ்தவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியிருப்பு அமைக்கும்பொருட்டு 1830இல் தர்ம சங்கத்தை நிறுவினார். 'பூமிசாஸ்திரம்' என்னும் உரைநடை நூலால் தமிழாசிரியர்கள் நன்கறிந்தவர் இவர். பின்னர், தாது வருடப் பஞ்சம் எனப்பட்ட 1876 – 1878ஆம் ஆண்டுகளின் கொடிய பஞ்சத்தை ஒட்டியும் பல்லாயிரவர் திருச்சபையை நாடி வந்தனர்.

நற்செய்தி நூல்களில் இயேசுவின் அழைப்பைக் குறிக்கும் வினையோ 'பின்செல்லுதல்' அல்லது 'பின்பற்றுதல்' என்பதாகும். பழைய மொழிபெயர்ப்பில் 'சீஷர்' எனவும், 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் 'சீடர்' எனவும் ஆளப்படும் சொல், கிரேக்க மூலத்தில் கற்பவர் என்னும் பொருளுடையது. நம் மரபில் மாணாக்கன் குருவைத் தேடிச் செல்வான். நற்செய்திக் கதைகளிலோ குருவே கரைக்கு வந்து, வலைவீசிக் கொண்டிருப்பவனை அழைக்கிறார். அழைப்பை ஏற்பவன் கையிலுள்ள ஒன்றைக் கீழே வைத்துவிட்டே பின்செல்ல வேண்டும். கோபுரம் கட்ட எண்ணுபவன் முன்னதாகச் செலவைக் கணக்கிட வேண்டும் என லூக்கா 14ஆம் அதிகாரம் கூறுவதும் இதனையே வலியுறுத்துகிறது. ஓர் ஊர் ஒருங்கே சேரலாம். பின்செல்லுதலை ஒவ்வொருவரும் தாமே செய்தாக வேண்டும்.

இவ்வேறுபாட்டைக் கொண்டு, கூட்டமாகச் சேர்ந்தோரைப் 'பெயர்க் கிறிஸ்தவர்' என இகழ்ந்து ஒதுக்குதல் பொருந்தாது. ஒடுக்கப்பட்ட மக்கள் பாதுகாப்பையும் பள்ளிக்கூடத்தையும் மதிப்பான வாழ்வையும் நாடியது குற்றமாகாது. அந்நாட்டத்திலும் சமய உணர்வு கலந்தே இருந்தது. அடுத்த தலைமுறை அந்நம்பிக்கையைப் பிறப்புரிமையாகப் பெற்றபொழுதே சிக்கல் எழுந்தது. தந்தையர் துன்புற்றுப் பெற்றது மைந்தர்க்கு வழக்கமாயிற்று.

1860ஆம் ஆண்டு எழுப்புதல்

இச்சூழலில் தோன்றியவர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் (1810 – 1867). இவர் இரேனியுஸிடம் பயின்றவர். மாணவர்கள் சாதி வேறுபாடின்றி உடனிருந்து உண்ணவேண்டும் என்பதில் இரேனியுஸ் உறுதியுடையவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. 1833இல் இந்தியா வந்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்பாரின் தொடர்பால், மிஷனெரிச் சங்கங்களின் சம்பளத்தைச் சாராது ஊழியம் செய்யும் கொள்கையை அருளப்பன் ஏற்றார். 1840களின் தொடக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், இன்றைய விருதுநகர் மாவட்டப் பகுதியில், கிறிஸ்தியான்பேட்டை என்னும் குடியிருப்பை உருவாக்கினார்.

அமெரிக்காவிலும் அயர்லாந்திலும் 1857 முதல் 1859 வரை நிகழ்ந்த சமய எழுப்புதல்களின் செய்தி அவரை எட்டியது. 1860 மே மாதத்தில் கிறிஸ்தியான்பேட்டையிலும் அத்தகைய எழுப்புதல் தொடங்கியது. மக்கள் அழுது நடுங்கினர். சிலர் தரையில் வீழ்ந்தனர். தம் குற்றங்களைப் பலர் முன்னிலையில் அறிக்கையிட்டனர். பிறர் அறியாத மொழியில் பேசுதலும் தரிசனங்களும் தீர்க்கதரிசனமும் நிகழ்ந்தன. ஆண்களோடு பெண்களும் பேசினர். அருளப்பனின் நாட்குறிப்புகளும் கடிதங்களும் இவற்றைப் பதிவு செய்துள்ளன. அவற்றின் பகுதிகளை ஜி. எச். லாங் என்பவர் 1939இல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். தற்காலப் பெந்தெகொஸ்தே இயக்கத்தின் தொடக்கமாகப் பலராலும் கூறப்படும் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து அசூசா தெரு நிகழ்ச்சி 1906ஆம் ஆண்டினது. அதற்கு 46 ஆண்டுகள் முன்னரே, தமிழர் தலைமையில், தமிழ்க் கிராமமொன்றில் இவை நிகழ்ந்தன. எனவே, ஆவியின் வரங்களைப் பற்றிய பேச்சு தமிழர்க்கு 20ஆம் நூற்றாண்டில் வந்த புதிய இறக்குமதி எனக் கருதுவது வரலாற்றுக்கு ஒவ்வாது.

இவ்வெழுப்புதலின் சிறப்பு அதன் பின்விளைவில் உள்ளது. அனுபவம் பெற்றோர் ஊதியமின்றி அண்டை ஊர்களுக்குச் சென்று தம் நம்பிக்கையை எடுத்துரைத்தனர். அதுவரை நற்செய்திப் பணி பெரும்பாலும் மிஷனெரிகளாலும் அவர்களிடம் சம்பளம் பெற்ற உபதேசியார்களாலுமே நடைபெற்றது. மக்கள் கேட்போராக இருந்தனர். இப்பொழுது கேட்போரே கூறுவோராயினர். ஐரோப்பிய மிஷனெரிகளுள் சிலர் உடல் நடுக்கம் முதலியவற்றை ஐயத்துடன் நோக்கியபோதிலும், சுதேசித் திருச்சபை தானே பரவத் தொடங்கியதை வரவேற்றோரும் இருந்தனர்.

வரமும் கனியும்

இத்தகைய அனுபவங்களை மதிப்பிடும் அளவுகோல் யாது? பவுலின் கடிதங்கள் இருவகைச் சொற்களைத் தருகின்றன. கொரிந்தியருக்கு எழுதிய முதற்கடிதத்தின் 12 முதல் 14 வரையிலான அதிகாரங்கள் ஆவியின் வரங்களைப் பேசுகின்றன. கலாத்தியர் 5ஆம் அதிகாரம் ஆவியின் கனியைப் பேசுகிறது. 'வரம்' என்பது கொடுக்கப்படுவது. ஒரு கணத்தில் கிட்டக்கூடியது. 'கனி' என்பது விளைவது. காலமும் பருவமும் வேண்டுவது. வரங்களைப் பற்றிய அதிகாரங்களின் நடுவே, 13ஆம் அதிகாரத்தில், அன்பைப் பற்றிய பகுதியைப் பவுல் அமைத்திருப்பதும் நோக்கத்தக்கது.

இவ்வேறுபாட்டின் தேவையைத் திருவிதாங்கூர் வரலாறு உணர்த்துகிறது. 1870களில் அங்கும் எழுப்புதல் பரவியது. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து 1861இல் திருமுழுக்குப் பெற்ற ஜஸ்டஸ் ஜோசப் என்பவர் அதில் முதன்மை பெற்றார். கிறிஸ்துவின் இரண்டாம் வருகை 1881இல் நிகழும் என்னும் முன்னறிவிப்பை அவர்தம் இயக்கத்தினர் நம்பிக் காத்திருந்தனர். அவ்வாண்டு கடந்தது, எதிர்பார்த்தது நிகழவில்லை. அவர்களது ஆர்வத்தின் உண்மையை நாம் ஐயுற வேண்டுவதில்லை. எனினும், வெதுவெதுப்புக்கு மாற்று வெறும் வெப்பம் அன்று என்பது இதனால் புலனாகிறது.

கடமையாக மாறிய அனுபவம்

அடுத்த தலைமுறையில் இம்மாற்றம் நிறுவன வடிவம் பெற்றதற்குச் சான்றாவார் வே. ச. அசரியா (1874 – 1945). வெள்ளாளன்விளையில் ஊர்க் குருவானவரின் மகனாகப் பிறந்தவர். கிறிஸ்தவத்தைப் பிறப்பால் பெற்றவர். 1902இல் யாழ்ப்பாணம் சென்ற அவர், அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் பொருட்செலவில் தமிழகக் கடற்கரைக்கு ஊழியரை அனுப்பியிருந்ததைக் கண்டறிந்தார். அதன் விளைவாக 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. பணமும் ஆளும் நிர்வாகமும் இந்தியருடையனவாக இருத்தல் வேண்டும் என்பது அதன் கொள்கை. ஐதராபாத் நிஜாம் ஆட்சிப் பகுதியிலிருந்த தோர்ணக்கல் அதன் பணிக்களமாயிற்று.

1909இல் அசரியா தாமே அங்குச் சென்றார், தெலுங்கு கற்றார், பெரும்பாலும் மாலா, மாதிகா ஆகிய ஒடுக்கப்பட்ட சமூகத்தினரிடையே பணிபுரிந்தார். 1912இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அங்கும் மக்கள் கூட்டமாகவே திருச்சபையில் சேர்ந்தனர். அசரியா அதனைத் தடுக்கவில்லை. ஆனால், சேர்தலுக்குள்ளேயே பின்செல்லுதலை அமைத்தார். திருமுழுக்குப் பெறுவோர் தம் தலைமீது கைவைத்து, நற்செய்தியை அறிவிக்காவிடில் தமக்குக் கேடு என்னும் பொருளுடைய பவுலின் கூற்றைத் தம் வாயால் உரைக்கச் செய்தார். உலையில் இடும் அரிசியில் ஒரு கைப்பிடியைத் திருச்சபைக்கென எடுத்துவைக்கும் வழக்கத்தை வறிய குடும்பங்களும் மேற்கொண்டன. ஆவியின் வல்லமை கூட்டத்தின் நடுவில் மட்டுமன்றி அடுப்பங்கரையிலும் நாள்தோறும் நினைக்கப்பட இவ்வெளிய பழக்கம் வழிசெய்தது.

முடிவுரை

மேற்கண்ட வரலாறு மூன்று செய்திகளைத் தெளிவாக்குகிறது. முதலாவது, பெயரளவிலான நம்பிக்கை பெரும்பாலும் மறுப்பினால் அன்று, மரபுரிமையினால் தோன்றுகிறது. இரண்டாவது, ஆவியின் அனுபவம் அம்மந்த நிலையைக் கலைக்கவல்லது. ஆயினும் அது தனக்குத் தானே சான்றாகாது. மூன்றாவது, ஒருவரது நேரம், பொருள், சமூக உறவு ஆகியவற்றில் அவ்வனுபவம் இழப்பையும் கடமையையும் தோற்றுவிக்கும்பொழுதே சீடத்துவம் உருப்பெறுகிறது.

விசுவாசி, அபிஷேகம், எழுப்புதல், சாட்சி முதலிய சொற்கள் நம் நாட்டுத் தமிழ்த் திருச்சபைகளிலும் நாள்தோறும் வழங்குகின்றன. கிறிஸ்தவத் தமிழ் இலக்கியத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இச்சொற்களை வெறும் வடமொழிக் கலப்பாகவோ சமயக் கலைச்சொற்களாகவோ மட்டும் விளக்கி அமைதல் போதாது. ஒவ்வொரு சொல்லும் எந்த மக்களிடம் என்ன கேட்டது, அவர்கள் எதனைக் கொடுத்தனர் என்னும் வினாவையும் உடன் எழுப்புவாராயின், மாணவர்கள் அச்சொற்களின் பொருளை முழுமையாக அறிவர்.