தண்டிக்கும் உரிமை யாருக்கு?



தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழர்களாகிய நமக்கு, ஞாயிற்றுக்கிழமையன்று ஒரு தமிழ்ப் படத்துக்குப் போவது வெறும் பொழுதுபோக்கன்று. இரண்டரை மணி நேரம் ஊருக்குப் போய் வருவது போன்ற நிறைவு அதில் உண்டு. நம் மொழியைக் கேட்கிறோம். நம்மவரோடு சேர்ந்து சிரிக்கிறோம். சேர்ந்து கை தட்டுகிறோம். அந்தக் கைதட்டலைப் பற்றியே இன்று சிறிது பேச எண்ணுகிறோம்.

கொட்டகை மிகுதியாக அதிரும் இடம் எது? கொடியவன் ஒருவன் எல்லாக் கொடுமையும் செய்துவிட்டுச் சாட்சி இல்லை என்ற காரணத்தால் நீதிமன்றத்திலிருந்து சிரித்துக்கொண்டே வெளியேறுகிறான். வாசலில் கதாநாயகன் காத்திருக்கிறான். பிறகு நடப்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினாற்போல் நாமும் கை தட்டுகிறோம். இது சரியா, தவறா?

இத்தகைய கதைகள் நேற்று முளைத்தவை அல்ல. நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையின் நாவலைத் தழுவி 1954-இல் வெளிவந்த 'மலைக்கள்ளன்' படத்தின் நாயகன் சட்டத்துக்குப் புறம்பானவன். ஆயினும் ஏழைகளுக்கு நல்லவன். மறு ஆண்டே அக்கதை 'ஆசாத்' என்னும் பெயரில் இந்தியிலும் வந்தது. 1996-இல் வந்த 'இந்தியன்' படத்தில் விடுதலைப் போராட்ட வீரரான முதியவர் இலஞ்சம் வாங்கும் அதிகாரிகளைக் கொல்கிறார். 2005-இல் வந்த 'அந்நிய'னிலோ, சட்டம் பயின்ற வழக்கறிஞனே மனம் பிளவுபட்டு, கருட புராணத்தில் கூறப்படும் நரக தண்டனைகளைப் பூமியிலேயே நிறைவேற்றுகிறான்.

'ஷோலே' படத்தின் வரலாறு இவ்வகையில் சிந்திக்கத் தக்கது. தன் குடும்பத்தாரைக் கொன்று, தன் கைகளையும் வெட்டிய கொள்ளையன் கப்பர் சிங்கை, முன்னாள் காவல் அதிகாரியான தாக்கூர் காலால் மிதித்தே கொல்வதாகத்தான் முடிவு முதலில் படமாக்கப்பட்டது. அது 1975, நெருக்கடி நிலைக் காலம். தணிக்கைக் குழு அம்முடிவுக்கு உடன்படவில்லை. கடைசி நேரத்தில் காவல்துறையினர் வந்து கொள்ளையனைக் கைது செய்வதாகக் காட்சி மாற்றி எடுக்கப்பட்டது. விசாரணையின்றிப் பல்லாயிரவரைச் சிறையில் வைத்திருந்த அதே ஆட்சிக் காலத்தில், திரைப்படத்தில் மட்டும் சட்டம் வழுவாமல் காக்கப்பட்டது என்பதை எண்ணும்போது, புன்னகையும் வருத்தமும் ஒருங்கே தோன்றுகின்றன. பழைய முடிவோடு புதுப்பிக்கப்பட்ட படம் 2025-இல் இத்தாலி நாட்டின் பொலோனா நகரில் திரையிடப்பட்டது. மக்கள் நெஞ்சம் எந்த முடிவை விரும்பிற்று என்பதில் ஐயமில்லை.

அந்த விருப்பத்தை இழிவென்று ஒதுக்குவதற்கில்லை. அநீதி கண்டு கொதிப்பது மனிதப் பண்பு. நம் நாட்டு நீதிமன்றங்களில் ஐந்து கோடிக்கு மேற்பட்ட வழக்குகள் முடிவுறாமல் நிற்கின்றன. சிறையில் இருப்போரில் ஏறத்தாழ நால்வருக்கு மூவர் இன்னும் தீர்ப்பைப் பெறாத விசாரணைக் கைதிகள். இந்நிலையில், இரண்டரை மணி நேரத்தில் நீதி கிடைக்கும் இடமாகத் திரை ஒன்றேனும் இருக்கிறதே என்று ஒருவர் ஆறுதல் கொண்டால் அவரைக் குறை கூறுவது எப்படி?

ஆனால் திரைக்கும் வாழ்வுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. திரைப்படத்தில் குற்றம் நம் கண் முன்னே நடக்கிறது. இருட்டறையில் யாருமறியாது செய்த கொலையையும் நாம் பார்த்துவிடுகிறோம். கதாநாயகன் கத்தியை ஓங்கும்போது, அவன் ஓங்குவது உரியவன் மேல்தான் என்பதை நாம் ஐயமற அறிந்திருக்கிறோம். சாட்சிகள் நாமே, நடுவர்களும் நாமே. வாழ்வில் அப்படியொரு காட்சி எவருக்கும் கிட்டுவதில்லை. அங்கே நமக்குக் கிடைப்பவை ஒரு வதந்தி, ஓர் ஐயம், கூட்டத்தில் எழும் ஒரு குரல், இவ்வளவே. திரையில் பெற்ற உறுதியை வாழ்வுக்குள் கொண்டுவந்துவிடுவதே தவற்றின் தொடக்கம்.

இதற்கு நம் நாட்டு நிகழ்ச்சிகள் சிலவற்றைப் பார்ப்போம். 1979-80 ஆண்டுகளில் பீகார் மாநிலத்துப் பாகல்பூரில் முப்பதுக்கும் மேற்பட்டோரின் கண்களைக் காவல்துறையினர் ஊசியால் குத்தி, அமிலம் ஊற்றிக் குருடாக்கினர். அந்த அமிலத்துக்கு அவர்கள் இட்ட பெயர் 'கங்காஜலம்'! அவர்களால் குருடாக்கப்பட்டோர் விசாரணைக் கைதிகளும் ஐயத்துக்கு உள்ளானவர்களுமே. தீர்ப்புப் பெற்ற குற்றவாளிகள் அல்லர். செய்தி வெளியானபோது, அவ்வூர் மக்களில் பலர் காவலருக்கு ஆதரவாக ஊர்வலம் போயினர். கொள்ளையர் தொல்லையால் அவ்வளவு நொந்திருந்தனர் அவர்கள். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. குற்றஞ்சாட்டப்பட்ட ஏழைக்கு, நடுவர்முன் முதன்முறை நிறுத்தப்படும் நாளிலிருந்தே அரசு இலவச சட்ட உதவி அளிக்கக் கடமைப்பட்டது என்னும் நெறி அவ்வழக்கில்தான் நிலைநாட்டப்பட்டது. இதே நிகழ்ச்சியை நினைவூட்டும் வகையில் 2003-இல் வந்த 'கங்காஜல்' என்னும் இந்திப் படத்தில், நேர்மையான அதிகாரி அக்கொடுமையை எதிர்த்து நிற்கிறார். கைதட்டலுக்கு எதிராகக் கேள்வி எழுப்பிய படங்களும் உண்டு என்பதற்கு இது சான்று.

நாற்பது ஆண்டுகள் கழிந்தும் பாடம் முழுமையாகக் கற்கப்படவில்லை. 2019 நவம்பரில் ஐதராபாத் அருகே ஓர் இளம் கால்நடை மருத்துவர் கொடூரமாகக் கொல்லப்பட்டார். நாடே கண்ணீர் விட்டது. டிசம்பர் 6-ஆம் நாள் விடியற்காலையில், கைதான நால்வரும் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆயுதத்தைப் பறித்துத் தாக்க முயன்றதால் சுட நேர்ந்தது என்று காவல்துறை கூறியது. மக்கள் காவலர்மேல் மலர் தூவினர். உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022-இல் வெளியாயிற்று. காவல்துறை கூறிய விவரம் நம்பத் தக்கதன்று, கொல்லும் கருத்துடனேயே சுட்டனர், இறந்தவர்களில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்று அவ்வாணையம் முடிவு கூறியது. அந்நால்வரும் குற்றவாளிகளா அல்லரா என்பதை இனி எந்த நீதிமன்றமும் விசாரித்துச் சொல்ல இயலாது. கொல்லப்பட்ட பெண்ணின் பெற்றோருக்கும், முறையான தீர்ப்பு ஒன்றைக் கேட்கும் உரிமை இல்லாமற் போயிற்று.

எல்லா நிகழ்ச்சிகளும் இவ்வளவு எளிதாகத் தீர்ப்புச் சொல்லத் தக்கவை அல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2004 ஆகஸ்டு 13-ஆம் நாள் நாகபுரியில், நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே, கஸ்தூர்பா நகர்ச் சேரிப் பெண்கள் திரண்டு, பல ஆண்டுகள் தங்களை வதைத்து வந்த ஒருவனைக் கொன்றனர். அவர்கள் காவல் நிலையத்துக்குப் போகாதவர்கள் அல்லர். மீண்டும் மீண்டும் போய், கேட்பாரின்றித் திரும்பியவர்கள். பின்னர் அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டோர் போதிய சான்று இல்லாமையால் விடுதலையாயினர். அப்பெண்களைக் கல்மனத்தோடு கண்டிக்க நம்மால் இயலவில்லை. ஆயினும் அந்நிகழ்ச்சி மக்கள் பெற்ற வெற்றி என்றும் கூற மாட்டோம். அது காவல்துறையின் தோல்வி. முதல் புகாரை முறையாகப் பதிவு செய்திருந்தால், அப்பெண்களின் கையில் குருதிக் கறை படிந்திராது.

இனி, வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் உள்ள தனிப்பட்ட அக்கறை என்ன என்பதைப் பார்ப்போம். 2018-ஆம் ஆண்டில், பிள்ளை பிடிப்பவர்கள் வந்துவிட்டார்கள் என்ற வதந்தி கைப்பேசி வழியாக நாடெங்கும் பரவியது. சூலை முதல் நாள், மகாராட்டிர மாநிலம் துலே மாவட்டத்து ரயின்பாடா என்னும் சிற்றூரில், வேறு மாவட்டத்திலிருந்து வந்த நாடோடிச் சமூகத்தார் ஐவரை மக்கள் அடித்தே கொன்றனர். நம் தமிழகமும் விலக்கன்று. அவ்வாண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலை நாடிச் சென்னையிலிருந்து உறவினருடன் காரில் சென்ற ஒரு மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அதுவே அவர் செய்த குற்றம். அவரும் கூட்டத்தின் கையால் மாண்டார். இவ்வனைவரிடமும் பொதுவாக இருந்தது ஒன்றே: அவ்வூருக்கு அவர்கள் அந்நியர்கள்.

அந்நியன் என்றதும் கோவலன் நினைவுக்கு வருகிறான். புகாரிலிருந்து மதுரைக்குப் பிழைக்க வந்தவன் அவன். பொற்கொல்லன் சொல்லே சான்றாயிற்று. அரசன் வினவாமலே ஆணையிட்டான். காவலருள் சிலர் தயங்கினர். ஒருவன் வாளை வீசிவிட்டான். கண்ணகி சிலம்பை உடைத்து, உள்ளே இருப்பது மாணிக்கம், முத்தன்று என்று மெய்ப்பித்தபோது, சான்று வந்து சேர்ந்தது, கோவலன்தான் இல்லை. தண்டனை முந்தி, விசாரணை பிந்தியதால் வந்த கேடு அது. அதன்பின் மதுரையே தீக்கிரையாயிற்று. முறையற்ற தண்டனை ஓர் உயிரோடு நிற்பதில்லை என்பதற்கு இதனினும் வேறு கதை வேண்டுமோ?

நம் காலத்துக் கோவலர்களைக் காட்டிய படம் வெற்றிமாறனின் 'விசாரணை'. மு. சந்திரகுமார் தம் சொந்த அனுபவத்தைக் கொண்டு எழுதிய 'லாக்கப்' என்னும் நூலின் அடிப்படையில் அமைந்தது அது. ஆந்திர மாநிலம் குண்டூரில் கூலி வேலை செய்யும் தமிழ் இளைஞர்கள், செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளும்படி வதைக்கப்படுகின்றனர். அடிப்பவர் பேசும் தெலுங்கு இவர்களுக்கு விளங்காது; இவர்கள் கதறும் தமிழ் நடுவருக்கு விளங்காது. நீதிமன்றத்தில் தமிழறிந்த ஓர் அதிகாரி அவர்கள் சொல்லை மொழிபெயர்த்துக் கூறும்போதுதான் உண்மை வெளிப்படுகிறது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அக்காட்சி மறக்க இயலாதது. கூட்டத்தின் கையில் சிக்கியவனுக்கு மொழிபெயர்ப்பாளன் இல்லை. நீதிமன்றத்தில்தான், குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு விளங்காத மொழியில் சாட்சியம் சொல்லப்பட்டால் அதனை அவருக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைக்க வேண்டும் என்று சட்டம் கட்டளையிடுகிறது. கூட்டத்துக்கும் நீதிமன்றத்துக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வொரு விதியே காட்டிவிடும்.

சட்டம் நம்மைக் கை கட்டி நிற்கச் சொல்லவில்லை. தன் உயிரையும் பிறர் உயிரையும் தாக்குதலிலிருந்து காத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. ஆனால் தேவைக்கு மேல் தீங்கிழைக்கக் கூடாது, அதிகாரிகளின் உதவியை நாட நேரமிருந்தால் அவ்வுரிமை செல்லாது. பிணையில் விட இயலாத கொடுங்குற்றம் ஒன்றைத் தம் கண்ணெதிரே செய்பவனைப் பொதுமக்களும் பிடிக்கலாம். காலம் தாழ்த்தாமல் காவலரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். பிடிப்பதோடு நம் உரிமை முடிகிறது. 'அந்நியன்' படத்தில் விபத்தில் சிக்கியவனுக்கு வண்டி தர மறுத்தவன் எருமைகளால் மிதிபட்டுச் சாகிறான். தண்டிக்கும் அதிகாரம் தனி ஒருவன் கைக்கு வந்தால் குற்றத்துக்கும் தண்டனைக்கும் உள்ள அளவு எவ்வாறு தவறும் என்பதைப் படமே தன்னை அறியாமல் சொல்லிவிட்டது.

2018 சூலையில் உச்ச நீதிமன்றம், கும்பல் வன்முறையைத் தடுக்க மாவட்டந்தோறும் பொறுப்பு அதிகாரி ஒருவரை அமர்த்த வேண்டும் என்றும், இவ்வழக்குகளைக் கூடுமானவரை ஆறு மாதங்களில் முடிக்க வேண்டும் என்றும் நெறிமுறை வகுத்தது. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சங்கிதையின் 103-ஆம் பிரிவு, ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ ஒன்றுகூடி, இனம், சாதி, பிறந்த இடம், மொழி போன்ற காரணங்களால் ஒருவரைக் கொன்றால், ஒவ்வொருவருக்கும் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ உண்டு என்கிறது. பிறந்த இடம், மொழி என்னும் இவ்விரு சொற்களும் நம்மைப் போன்றோரையும் கருத்தில் கொண்டவை. ஆபத்து நேரத்தில் 112 என்ற எண்ணையும், இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணையும் வீட்டில் எல்லோரும் அறிந்திருப்பது நலம்.

நேயர்களே, படம் பார்க்க வேண்டா என்றோ, கை தட்ட வேண்டா என்றோ நாம் சொல்லவில்லை. திரையில் கொடியவன் வீழும்போது மகிழ்வது நம் நீதி வேட்கை. அவ்வேட்கை வாசலைத் தாண்டி வெளியே வரும்போது, அதற்கு வேறு வடிவம் தர வேண்டும். புகார் எழுதத் தெரியாத அண்டை வீட்டாருக்கு எழுதித் தரலாம். சாட்சி சொல்ல அழைத்தால் தயங்காது போகலாம். கைப்பேசியில் வரும் வதந்தியை ஆராயாமல் பிறருக்கு அனுப்பாதிருக்கலாம். வழக்குகள் விரைந்து முடிய வேண்டும் என்று உரத்த குரலில் கேட்கலாம். என்றேனும் ஒருநாள் தெருவில் ஒரு கூட்டம் கூடி, நடுவில் ஒருவன் நமக்கு விளங்காத மொழியில் கதறக் கேட்டால், அவன் சொல்வது என்ன என்று முதலில் கேட்பவர் நாமாக இருப்போம். நமக்கு அந்நிலை நேர்ந்தால், நாம் பிறரிடம் எதிர்பார்ப்பதும் அதுதானே?