புற்றுநோய் அறுவை மருத்துவரின் பதினொன்றரை ஆண்டுகள்

இந்தியாவில் புற்றுநோய் அறுவை மருத்துவர் ஆக, பயிற்சி மருத்துவர் காலத்தையும் சேர்த்து எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, பெரும்பாலும் பொது அறுவையில் எம்.எஸ். மூன்று ஆண்டு, அதன்மேல் புற்றுநோய் அறுவையில் எம்.சிஎச். மூன்று ஆண்டு படிக்க வேண்டும். நுழைவுத் தேர்வுகளுக்காகக் காத்துக் கிடக்கும் காலம் கணக்கில் சேராது. அந்த எம்.சிஎச். படிப்பை நாட்டிலேயே முதலில், 1984இல், தொடங்கியது சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம். ஆனால் எம்.எஸ். முடித்தவருக்கே குடலை வெட்டி இணைக்கத் தெரியும். மார்பகத்தை அகற்றவும் தெரியும். பிறகு எதற்கு இன்னும் மூன்று ஆண்டு? எவ்வளவு வெட்டுவது, எப்போது வெட்டுவது என்ற தீர்ப்பைப் பழகத்தான் என்பேன்.

அந்தத் தீர்ப்பு திறமையான கைகளிலும் தவறியிருக்கிறது. 1890களில் அமெரிக்காவின் பால்டிமோரில் அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் மார்பகத்தோடு நெஞ்சுத் தசைகளையும் அக்குள் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்தே அகற்றினார். நோய் ஓரிடத்தில் தொடங்கி ஒழுங்காகப் பரவுகிறது, அகலமாக வெட்டினால் ஒழியும் என்பது அவர் கணிப்பு. முக்கால் நூற்றாண்டு அதுவே வழக்கமாக நீடித்தது. பிட்ஸ்பர்க்கின் பெர்னார்ட் ஃபிஷர், அவரும் அறுவை மருத்துவர்தான், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார். கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு தந்தாலும் உயிர்பிழைப்பு குறையவில்லை என்று 1985இல் தெரிந்தது. 2002இல் வந்த இருபதாண்டுக் கணக்கும் அதையே சொன்னது. அறுவை அரங்குக்குள் மட்டுமே நின்றவர் கண்டிருக்க முடியாத உண்மை இது. கதிர்வீச்சும் மருந்துச் சிகிச்சையும் ஆய்வுப் புள்ளிவிவரமும் புற்றுநோய் அறுவை மருத்துவரின் படிப்பில் இடம்பெறுவது இதனால்தான்.

அப்படியானால் குறைவாக வெட்டுவதே நல்லதா? மலக்குடல் புற்றில் கதை வேறு. குடலைச் சூழ்ந்த கொழுப்பு உறையைக் கிழியாமல் முழுதாக எடுத்தால் நோய் அதே இடத்தில் திரும்புவது குறையும் என்று இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் ஹீல்ட் 1982இல் காட்டினார். ஸ்டாக்ஹோமில் அறுவை மருத்துவர்களுக்கு இந்த முறை கற்பிக்கப்பட்டதும் அங்கும் அது குறைந்தது.

சிறப்பு மருத்துவர் இல்லாத ஊரில் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. குடல் அடைத்துத் துடிப்பவரை நகரத்துக்கு அனுப்பிக் காத்திருக்க வைக்க முடியாது. பொது அறுவை மருத்துவர் உடனே வெட்டுவதே சரி. தொடையில் வளரும் பெரிய கட்டிக்கு அந்த அவசரம் கிடையாது. வெறும் கொழுப்புக் கட்டி என்று தோண்டியெடுத்தபின் அது சார்கோமா என்னும் புற்று என்று தெரிந்தால், எஞ்சிய செல்களுக்காக இன்னொரு, பெரிய அறுவை தேவைப்படலாம். அங்கே எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் ஊசி பயாப்ஸியும் முந்த வேண்டும்.