உப்புத்தாளைத் தொடாதீங்க!

சிலர் ஸ்டாம்ப் சேர்ப்பார்கள். சிலர் கடன் சேர்ப்பார்கள். நான் சேர்ப்பது மட்டை! கிரிக்கெட் மட்டை இல்லை ஸார்... அமெரிக்க பேஸ்பால் மட்டை. அதுவும் 19-ம் நூற்றாண்டுச் சரக்கு!

எனக்கு வேலை சிகாகோவில். சனிக்கிழமையானால் பழைய சாமான் கடைகளில்தான் கிடப்பேன். 'இது 1880-ல் செஞ்சது' என்று கடைக்காரர் ஒரு மட்டையை நீட்டுவார். விலை, அரை மாசச் சம்பளம். நம்பலாமா?

மட்டையையே கேட்டால் சொல்லிவிடும். ஆட்டக்காரரின் கையெழுத்து பொறித்திருக்கிறதா? ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஹோனஸ் வாக்னர்தான் அப்படிக் கையெழுத்து கொடுத்த முதல் ஆள். அதுவே 1905-ல்! 'ஹில்லரிச் அண்ட் பிராட்ஸ்பி' என்ற முத்திரையா? அந்தப் பெயர் வந்தது 1916-ல்.

நிஜமான பழைய மட்டைகள் பலவற்றில் பேரும் இருக்காது, ஊரும் இருக்காது. அப்போது உருவத்தைத்தான் பார்க்கணும். 1859-ல் 'குறுக்களவு 2.5 அங்குலத்தைத் தாண்டக் கூடாது' என்று விதி போட்டார்கள். 1895-ல் அது 2.75 ஆனது. நடுவில் ஒரு கூத்து. 1885-ல், 'ஒரு பக்கம் தட்டையாக இருக்கலாம்' என்றது நேஷனல் லீக். பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓட வசதியாம்! 1893-ல், 'முழுக்க உருண்டைதான்' என்று அதற்கும் முற்றுப்புள்ளி. ஆக, தட்டை மட்டை கிடைத்தால் அந்த எட்டு வருஷத்துக்குள் பிறந்ததாக இருக்க நல்ல வாய்ப்பு!

ஆனால், நேற்று இழைப்புளி போட்டுத் தட்டையாக்கின கில்லாடிகளும் உண்டே! தட்டைப் பக்கமும் உருண்டைப் பக்கமும் ஒரே மாதிரி கறுத்திருக்கிறதா என்று பார்க்கணும். அந்தக் கறுப்பும், பந்து பட்ட தழும்பும்தான் சாட்சி. அதனால்தான் உப்புத்தாளைக் கண்டாலே எனக்குப் பகீரென்கும். 'பளபளன்னு ஆக்கறேன்' என்று நாலு தேய் தேய்த்தால் போதும்... சாட்சியும் போச்சு, விலையும் போச்சு!

இதில் ஒரு வேடிக்கை. 1894-ல் பதிவான 'லூயிவில் ஸ்லக்கர்' என்ற புகழ்பெற்ற மட்டை, ஒரு கடைசல் பட்டறையில் பிறந்தது. முதலாளி ஹில்லரிச்சுக்கு மட்டை வேலையே பிடிக்காது. மாடிப்படிக் கைப்பிடி, வெண்ணெய் கடையும் சாதனம் இவற்றில்தான் எதிர்காலம் என்று நம்பினார். மகன் பட் பிடிவாதமாக மட்டை கடைந்தார். அப்பா பேச்சைத் தட்டாத பிள்ளையாக இருந்திருந்தால்?

இன்றைக்கு நான் மத்து சேர்த்துக்கொண்டிருப்பேன்!