திருமந்திர மூச்சளவும் நெடுநோயாளர் பயிற்சியும்

உயிர் என்னும் பெயரும் உயிர்த்தல் என்னும் வினையும் தமிழில் ஓரடிப் பிறந்தவை. உயிர்த்தலாவது மூச்சுவிடுதல், பெருமூச்சினை நெட்டுயிர்ப்பு என்பது இலக்கிய வழக்கு. மூச்சினை அளந்து நெறிப்படுத்தும் முறையை விரித்துரைக்கும் தமிழ் நூல்களுள் தலையாயது திருமந்திரம். அதன் மூன்றாம் தந்திரம் எட்டுறுப்பு யோகத்தைக் கூறுவது. பிராணாயாமம் ஆண்டுத் தனிப்பகுதியாக அமைந்துள்ளது. அப்பகுதி கூறும் அளவு நெடுநாள் நோயுற்றார்க்குப் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

இவ்வாராய்ச்சிக்கு வித்திட்டவர் என் மாணவர் ஒருவர். முதுகலை வகுப்பில் இப்பகுதியைப் பாடஞ்சொன்ன நாளில் அவர் எழுந்து, இரைப்பு நோயால் பல்லாண்டு துன்புறும் தம் தாயார் இதனைச் செய்யலாமா என வினவினார். சொற்பொருளும் உரைவேறுபாடும் விளக்க வல்ல எனக்கு அவ்வினாவிற்கு விடை கூற இயலவில்லை. அறியாமல் ‘செய்யலாம்’ என்று சொல்லியிருப்பின் விளைவு யாதாகியிருக்கும் என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

திருமூலர் வகுத்த அளவு வருமாறு: உள்ளிழுக்கும் பூரகம் 16 மாத்திரை, உள்ளே நிறுத்தும் கும்பகம் 64, வெளிவிடும் இரேசகம் 32. ஆக ஒரு மூச்சிற்கு 112 மாத்திரை. மாத்திரையாவது இயல்பான கண்ணிமைப் பொழுதும் கைந்நொடிப் பொழுதும் என்பது தொல்காப்பியர் துணிபு. அதனை அரை விநாடி எனக் குறைத்துக் கொள்ளினும், மூச்சினை நிறுத்தும் காலம் மட்டும் 32 விநாடி ஆகின்றது. ஒரு முழு மூச்சு ஏறத்தாழ ஒரு நிமிடம் நீள்கின்றது. ஓய்ந்திருக்கும் நலமுடையார் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சுவிடுவர் என்பதனோடு இதனை ஒப்பிட்டுக் காண்க. இது யோக நெறியில் நெடிது பயின்றார் அடையும் எல்லையேயன்றித் தொடங்குவார்க்கு உரிய படியன்று. நோயுற்றார்க்கு ஒருவாற்றானும் அன்று.

யோக நூலாரும் இதனை அறியாதவரல்லர். 15ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அடயோகப் பிரதீபிகை என்னும் வடநூல், காட்டு விலங்கைப் பழக்குவதுபோல் மூச்சினைச் சிறிது சிறிதாகவே பழக்க வேண்டும் என்கின்றது. முறை தவறின் விக்கலும் இருமலும் இரைப்பும் தலைநோவும் உண்டாகும் என்றும் எச்சரிக்கின்றது. இரைப்பினை நீக்க வேண்டிச் செய்யும் பயிற்சியே இரைப்பினை விளைவிக்கக் கூடும் என்று அந்நூலே கூறுதல் ஊன்றி நோக்கத்தக்கது. அடயோகத்தின் பெருமை பேசுவார் பலர் இவ்விடத்தைக் கடந்து சென்றுவிடுகின்றனர்.

இனி, நோயின் இயல்பைக் காண்போம். இரைப்பு நோயிலும், புகையாலும் தூசாலும் நாட்பட்டுக் கெட்ட நுரையீரல் நோயிலும் பெருந்துன்பம் காற்றை வெளிவிடுதலிலேயே உள்ளது. சுருங்கிய குழாய்களின் வழியே காற்று மெல்லவே வெளியேறும்; அது முற்றும் வெளியேறுமுன் நோயாளர் மூச்சு முட்டி மீண்டும் இழுப்பர். இவ்வாறு பழங்காற்று உள்ளே தங்கித் தங்கி மார்பு புடைக்கின்றது. புதுக்காற்றிற்கு இடம் சுருங்குகின்றது. ஆகவே இவர்க்கு வேண்டுவது ஆழ இழுத்தல் அன்று, நிறுத்தல் அன்று, நெடிது விடுதலே. இதழ்களைச் சற்றே குவித்து விளக்கின் சுடர் அசையுமளவு மெல்ல ஊதுவதுபோல் விடின், குழாயினுள் எஞ்சும் அழுத்தம் நுண்குழாய்கள் ஒடுங்காமற் காக்கும். இது மருத்துவமனைகளிலும் கற்பிக்கப்படும் முறையாகும்.

வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பும் சற்றே தளர்கின்றது. வேகஸ் எனப்படும் நரம்பு அப்பொழுது இதயத்தை மிகுதியாக அமைதிப்படுத்துதலே இதற்குக் காரணம். இதற்கு மாறாக, மூச்சினை வலிந்து நிறுத்தினால் மார்பினுள் அழுத்தம் ஏறி, இதயத்திற்குத் திரும்பும் குருதி தடைப்படும். இதயநோயும் மிகு குருதியழுத்தமும் கண்ணழுத்த நோயும் உடையார் கும்பகத்தை விலக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும். கபாலபாதி, பத்திரிகை முதலிய விரைவு மூச்சுகளும் அன்னார்க்கு ஆகா.

1990ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகர மருத்துவர்கள் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். மென்மையான இரைப்புடைய 18 பேர், மூச்சினை மெதுவாக்கும் ஒரு கருவியால் இழுப்பு ஒரு பங்கு, விடுப்பு இரு பங்கு என்னும் அளவில் பயின்றனர். ஒப்பீட்டிற்கு, அவ்வளவினைத் தாராத போலிக் கருவியாலும் பயின்றனர். குழாயைச் சுருக்கும் ஹிஸ்டமினைத் தாங்கும் ஆற்றல் முன்னதிலேயே கூடியது. நுரையீரல் அளவுகளின் ஏற்றம் ஐயமற நிறுவப்படவில்லை. ஆயினும் அவர்கள் கொண்ட விகிதத்தை நோக்குக. திருமூலரின் 16, 64, 32 என்னும் மூன்றனுள் நடுவணதை நீக்கின் எஞ்சுவது 16க்கு 32. அஃதாவது ஒன்றிற்கு இரண்டு! மாணவர்க்கு நான் கூறத் தவறிய விடை செய்யுளினுள்ளேயே இருந்தது. எண்ணை விடுத்து விகிதத்தைக் கொள்க. கும்பகத்தை விடுத்து இரேசகத்தைக் கொள்க என்பதே அது.

செய்முறை எளிது. சாய்ந்தேனும் நிமிர்ந்தேனும் வருத்தமின்றி அமர்ந்து, ஒரு கையை உந்தியின் மேல் வைத்துக்கொள்க. இரண்டு எண்ணும் அளவு மூக்கால் இழுக்க வயிறு எழும். நான்கு எண்ணும் அளவு விட வயிறு தாழும். நான்கு அரிதாயின் மூன்று போதும். ஐந்து நிமிடத்திற்கு மேல் முதலில் வேண்டா. தலைசுற்றலோ மார்புநோவோ தோன்றின் உடனே நிறுத்துக. மருத்துவரைக் கேட்டே தொடங்குக. உறிஞ்சு மருந்தை எக்காரணத்தாலும் கைவிடற்க. 2016இல் 15 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய காக்ரேன் மதிப்புரை, இரைப்பு நோயாளரின் வாழ்க்கை நலத்தில் யோகத்தால் சிறிது மேம்பாடு உண்டு என்ற அளவிலேயே அமைந்தது. நோய் நீங்கும் என்று அஃது உரைக்கவில்லை.

எண்ணிக்கை சிலர்க்குச் சலிப்பைத் தரும். எண்ணுவதாலேயே பதற்றம் கொள்வாரும் உளர். 2001இல் வெளிவந்த ஓர் இத்தாலிய ஆய்வு, இலத்தீன் செபமாலை ஓதுதலும் மந்திரம் ஓதுதலும் மூச்சினை நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறாகத் தாழ்த்தின என்று காட்டியது. ஓதுதல் என்பதே வெளிமூச்சன்றோ? விரைந்து இழுத்து, ஓரடி முடியுமட்டும் மெல்ல விடுகின்றோம். எனவே நாற்சீரடி ஒன்றை ஒரு மூச்சில் ஓதுவது இவ்விகிதத்திற்கு அணித்தாக அமையும் என்பது என் கருத்து.

அம்மாணவரிடம் இதனைக் கூறினேன். அவர்தம் தாயார் மருத்துவரின் இசைவு பெற்று, மாலைதோறும் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, தாம் இளமையில் மனனஞ்செய்த திருவாசகத்தை அடியடியாக ஓதி வருகின்றார். நீண்ட அடி வந்தால் இடையில் நிறுத்தி ஓய்வு கொள்வாராம். மருந்துக்குழல் அருகிலேயே இருக்கின்றது.