உழவர் வீட்டில் ஒரு தச்சுப் பட்டறை

உழவுத் தொழிலுக்கு மண்ணும் நீரும் எவ்வளவு இன்றியமையாதனவோ, மரமும் அவ்வளவு இன்றியமையாததாகும். மண்வெட்டிக்குப் பிடி, தொழுவத்திற்குத் தூண், வீட்டிற்குக் கதவு, அமர்வதற்கு மணை என உழவர் இல்லத்தில் மரத்தாலான பொருள்கள் பலவாகும். ஆயினும் தோட்டத்தில் நின்ற மரம் ஒன்று காற்றில் சாய்ந்துவிட்டால், அதனை விறகுக்கு விற்றுவிட்டு, அப்பணத்துடன் மேலும் பணம் சேர்த்து நகரத்துக் கடையில் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வரும் வழக்கத்தை இன்று பல ஊர்களிலும் காண்கிறோம்.

குமரி மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், நெல்லைச் சீமையை ஒட்டி அமைந்துள்ள அஞ்சுகிராமத்தை எடுத்துக்கொள்வோம். தென்னை, பனை, வேம்பு, பூவரசு ஆகியவை இப்பகுதி மக்கள் நன்கறிந்த மரங்கள். மாவட்டத்தின் மேற்கே செல்லச் செல்லப் பலா, அயினி, தேக்கு, ரப்பர் ஆகியவை மிகுதி. 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இம்மாவட்டத்தைத் தாக்கிய ஒக்கிப் புயல், கடலில் மீனவர் பலருடைய உயிரைக் கவர்ந்தது. நிலத்தில் தென்னையும் ரப்பரும் வாழையும் பெருமளவில் சாய்ந்தன. புயல் இல்லாத ஆண்டுகளிலும் வயது முதிர்ந்தோ வேர் அழுகியோ மரங்கள் விழுந்துகொண்டுதான் இருக்கின்றன. அவ்வாறு விழுந்த மரம் விறகாவதும் கதவாவதும் அடுத்த சில வாரங்களில் அதன் உரிமையாளர் செய்யும் வேலையைப் பொறுத்ததாகும். அவ்வேலைக்குப் பெரும் முதல் தேவையில்லை. மரத்தை உலர்த்தும் பொறுமையும், சில கருவிகளும், அக்கருவிகளைக் கூராக வைத்திருக்கும் பழக்கமுமே வேண்டும்.

மரத்தின் இயல்பு

மாமரம், பலா, வேம்பு முதலியவற்றில் நடுப்பகுதியே வைரம் பாய்ந்தது. பட்டையை ஒட்டிய வெளிறிய பகுதியைப் பூச்சி எளிதில் அரிக்கும். பனையும் தென்னையும் இதற்கு நேர்மாறானவை. அவற்றில் வெளிப்புறமே உறுதியானது. நடுவில் இருப்பது சோறு போன்ற மென்மையான பகுதி. அடிமரம் நுனியைக் காட்டிலும் வலியது. எனவே முதிர்ந்த மரத்தின் அடிப்பகுதியிலிருந்து வெளிப்புறத்தை மட்டும் பிளந்தெடுத்துக் கைமரங்களுக்குப் பயன்படுத்துதல் வேண்டும். இவ்விரு மரங்களிலும் ஆணி அடிப்பதற்கு முன் துளையிட்டுக்கொள்ளாவிட்டால் ஆணி வளையும், அல்லது மரம் பிளக்கும்.

பனை நம் மாநில மரமாகும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெறுதல் வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது. எனவே நிற்கும் பனையில் கோடாலி வைப்பதற்கு முன் அனுமதி பெறுதலை யாவரும் கடமையாகக் கொள்ள வேண்டும்.

ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி. வெட்டிய சில நாட்களிலேயே அதில் பூஞ்சணம் பற்றி நிறம் கறுக்கும். துளைப்பான் பூச்சியும் ஏறும். ஆதலால் தாமதமின்றி அறுத்து, வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் பலகைகளைப் பதப்படுத்திய பின்னரே உலர்த்துதல் நலம்.

உலர்த்தும் முறை

பச்சை மரத்தில் செய்த கதவு மழைக்காலத்தில் மூட மறுப்பதும், கோடையில் இடைவெளி விடுவதும் யாவரும் கண்டதே. மரத்திலுள்ள ஈரம், உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காட்டிற்குக் கீழே இறங்கும்போது மரம் சுருங்கத் தொடங்குகிறது. நீளவாட்டில் சுருக்கம் மிகக் குறைவு. வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஏற்படும் சுருக்கத்தைப் போல் ஏறத்தாழ இருமடங்காகும். பலகை கோணுவதற்கும் வெடிப்பதற்கும் இவ்வேறுபாடே காரணம். சுருங்க வேண்டியதைச் சுருங்கவிட்டுப் பிறகு வேலை செய்பவருக்கு இத்தொல்லை குறையும்.

விழுந்த மரத்தை விரைவில் பலகைகளாக அறுத்துவிட வேண்டும். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் செங்கல் அடுக்கி, அதன்மேல் பலகைகளைப் பரப்புக. ஒவ்வோர் அடுக்கிற்கும் இடையில் ஓர் அங்குலக் கனமுள்ள குச்சிகளை இரண்டு அடிக்கு ஒன்றாக வைத்தல் வேண்டும். குச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்கோட்டில் அமையாவிட்டால் பலகை வளைந்துவிடும். மேலே கூரை இருக்கட்டும். பக்கங்களில் காற்று புகட்டும். வெயில் மட்டும் நேராகப் படலாகாது.

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று விசையுடன் வீசும் பகுதிகளில் ஒரு தனி எச்சரிக்கை தேவை. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, பலகையின் இரு முனைகளையும் அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் உலர்த்தி வெடிக்கச் செய்துவிடும். முனைகளில் பழைய வண்ணப்பூச்சையோ மெழுகையோ தடவுவதும், காற்று வரும் திசையில் ஓலைத் தட்டி கட்டுவதும் நல்ல பாதுகாப்பாகும். முனைகளில் சாணமும் மண்ணும் குழைத்துப் பூசுவது பழைய முறை.

பலகை உலர்ந்துவிட்டதா என்பதை அறிய எளிய வழி ஒன்றுண்டு. அடுக்கின் நடுவிலிருந்து ஒரு பலகையை எடுத்து வாரந்தோறும் தராசில் நிறுத்து, எடையைச் சுவரில் எழுதிவருக. எடை குறைவது நின்றுவிட்டால் பலகை வேலைக்கு ஏற்றதாயிற்று. ஓர் அங்குலப் பலகைக்கு, மரத்தையும் பருவத்தையும் பொறுத்து, இதற்குச் சில மாதங்கள் ஆகும்.

ஈரம் 20 விழுக்காட்டிற்குக் கீழே இருக்கும்வரை மரம் மக்குவதில்லை. இம்மாவட்டத்திலுள்ள பத்மநாபபுரம் அரண்மனை இதற்குச் சிறந்த சான்றாகும். திருவிதாங்கூரின் தலைநகரம் 1795-இல் அங்கிருந்து திருவனந்தபுரத்திற்கு மாறியது. இரு பருவமழைகளும் பெய்யும் நாட்டில், அவ்வரண்மனையின் மரவேலைகள் இன்றும் மக்கள் கண்டு மகிழும் நிலையில் உள்ளன. சரிவான ஓட்டுக்கூரையும் நீண்ட இறவாரமும் மழைநீரை மரத்தில் அண்டவிடாமல் காக்கின்றன. நம் வீட்டுத் தொழுவத்தின் கூரைக்கும் இப்பாடம் பொருந்தும்.

வேண்டிய கருவிகள்

கடையில் காணும் கருவிகளையெல்லாம் வாங்க வேண்டியதில்லை. அளவுநாடா, மூலைமட்டம், கைரம்பம், கால், அரை, ஓர் அங்குல அகலங்களில் மூன்று உளிகள், கொட்டாப்புளி, இழைப்புளி, கைத்துரப்பணம், இருபுறமும் பயன்படும் சாணைக்கல் ஆகிய எட்டு வகையும் இருந்தால் உழவர் வீட்டு வேலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்துவிடலாம். கொட்டாப்புளியைப் புளிய மரத்தில் நாமே செய்துகொள்ளலாம்.

மூலைமட்டத்தை வாங்கும்போதே சோதித்துக்கொள்ள வேண்டும். நேரான விளிம்புள்ள பலகையில் அதனை வைத்து ஒரு கோடு கிழித்து, பிறகு மட்டத்தைப் புரட்டி வைத்து அதே இடத்தில் மற்றொரு கோடு கிழிக்கவும். இரு கோடுகளும் ஒன்றாயின் மட்டம் சரியானது. இரண்டாகப் பிரிந்தால் அதை வாங்கலாகாது. பெரிய சட்டங்களுக்கு, ஒரு புறம் 3 அடியும் மறுபுறம் 4 அடியும் குறித்து, குறுக்களவு 5 அடி வருகிறதா என்று பார்த்தால் மூலை சரியாக இருப்பது விளங்கும்.

கடற்காற்று படும் ஊர்களில் இரும்புக்குத் துரு விரைவில் ஏறும். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்தபின் கருவிகளைத் துடைத்து, தையல் இயந்திர எண்ணெயைச் சிறிது தடவி வைப்பது நல்லது.

கூரே பாதுகாப்பு

மழுங்கிய உளி கையைக் காயப்படுத்தாது என்று எண்ணுவோர் உண்டு. உண்மை இதற்கு மாறானது. மழுங்கிய உளியை வலிந்து தள்ள வேண்டியிருக்கிறது; வலிந்து தள்ளிய கருவி வழுக்கினால் எங்கே சென்று நிற்கும் என்று சொல்ல இயலாது. அஞ்சுகிராமத்திற்கு அருகே, கற்சிற்பத்திற்குப் பெயர்பெற்ற மயிலாடி உள்ளது. கல் கொத்தும் உளியை அடிக்கடி காய்ச்சித் தட்டிக் கூராக்காமல் அத்தொழில் நடவாது. மரவேலைக்கும் விதி அதுவே.

உளியின் சாய்வு ஏறத்தாழ 30 பாகை இருத்தல் வேண்டும். இதனை அளக்கக் கருவி தேவையில்லை. சாய்வுப் பரப்பின் நீளம் உளித்தகட்டின் கனத்தைப் போல் இருமடங்கு இருந்தால் கோணம் 30 பாகையாகும். முதலில் உளியின் தட்டையான முதுகைச் சாணைக்கல்லில் சமமாகத் தேய்த்துக்கொள்க. பிறகு சாய்வுப் பரப்பைக் கல்லின் சொரசொரப்பான புறத்தில் கோணம் மாறாமல் தேய்த்தால் முதுகுப்புறத்தில் மெல்லிய பிசிர் எழும். விரலை விளிம்பின் குறுக்கே வெளிநோக்கி மெல்ல இழுத்தால் பிசிர் தட்டுப்படும். அதன்பின் கல்லின் மென்மையான புறத்தில் சாய்வையும் முதுகையும் மாற்றி மாற்றித் தேய்த்துப் பிசிரை நீக்க வேண்டும். ஒரு தாளைத் தொங்கவிட்டு வெட்டினால் கிழியாமல் அறுபடுமாயின் உளி தயார். மின் சாணையில் தீட்டுவோர் உளியை அடிக்கடி நீரில் தோய்க்க வேண்டும். விளிம்பில் நீலநிறம் படர்ந்துவிட்டால் எஃகின் பதம் போய்விட்டது என்பது பொருள்.

முதல் வேலை: மண்வெட்டிப் பிடி

கற்கத் தொடங்குவோர்க்கு மண்வெட்டிப் பிடியே சிறந்த பாடம். கருவேலம் போன்ற உறுதியான மரத்தில், முடிச்சில்லாத, நார் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நேராக ஓடும் துண்டைத் தேர்ந்தெடுக்கவும். ரம்பத்தால் அறுப்பதினும் ஆப்பு வைத்துப் பிளப்பது மேலானது. பிளவு நாரின் வழியே செல்லும். நார் பக்கவாட்டில் ஓடி வெளியேறும் இடத்தில்தான் பிடி முறிகிறது. உலர்ந்த பின் இழைத்து உருட்டி, மண்வெட்டியின் கண்ணில் இறுகப் பொருத்தி, ஆப்பு அடிக்கவும்.

ஆட்டம் கண்ட பிடியை நீரில் ஊறவைப்பது பலருடைய வழக்கம். ஊறிய மரம் உப்பி இறுகுவது உண்மையே. ஆனால் இரும்புக்குள் நெருக்குண்ட நார் நசுங்கிவிடுவதால், உலர்ந்தபின் பிடி முன்னிலும் மிகுதியாக ஆடும். ஓங்கிய மண்வெட்டி கழன்றால் அருகில் நிற்பவரின் உயிருக்கே ஆபத்து. புதிய ஆப்பு ஒன்று செதுக்க ஐந்து நிமிடம் போதும்.

இதில் கைதேர்ந்த பின் மணை, முக்காலி என மேலே செல்லலாம். காலையும் சட்டத்தையும் இணைக்கும்போது, கழுந்தின் கனம் மரத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கட்டும். கழுந்து மெலிந்தால் முறியும். பருத்தால் துளையின் பக்கங்கள் பிளக்கும்.

மின் கருவிகளைப் பற்றி

இக்காலத்தில் மின் ரம்பமும் மின் துரப்பணமும் சிற்றூர்களிலும் கிடைக்கின்றன. அவை வேலையை விரைவாக்கும், விபத்தையும் விரைவாக்கும். இரும்பு தேய்க்கும் கைக் கிரைண்டரில் மரம் அறுக்கும் பல்வட்டைப் பொருத்துவது மிகக் கொடிய பழக்கம். பல் மரத்தில் சிக்கியவுடன் கருவி கையை மீறித் துள்ளும். இதனை எவரும் செய்யலாகாது. வேலை செய்யும்போது தொங்கும் துண்டு, அவிழ்ந்த வேட்டி முனை, தளர்ந்த கைச்சட்டை ஆகியவற்றை நீக்குக, கண்ணாடி அணிக, பலகையை வைஸில் இறுக்கிய பின்னரே வெட்டுக. நம் ஆசாரிமார் தரையில் அமர்ந்து காலால் பலகையைப் பிடித்து வேலை செய்வது நெடுநாட் பயிற்சியால் வந்த திறமை. புதியவர் அதனைப் பின்பற்றலாகாது. மரத்தூளைப் புற்றுநோய்க் காரணிகளுள் ஒன்றாக உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995-இல் வகைப்படுத்தியுள்ளது. ஆதலால் காற்றோட்டமான இடத்தில், மூக்கையும் வாயையும் மூடும் தூள்தடுப்பு முகக்கவசம் அணிந்து வேலை செய்தல் அவசியம்.

ஊராட்சி செய்யக்கூடியது

ஒவ்வொரு வீட்டிலும் எல்லாக் கருவிகளும் இருக்க இயலாது. ஊருக்கு ஒரு பொதுக்கொட்டகை இருந்து, அதில் ஒரு வேலை மேசை, வைஸ், இரண்டு இழைப்புளி, சாணைக்கல், மரம் அடுக்கி உலர்த்தும் இடம் ஆகியவை அமைந்தால் சிறு உழவர் அனைவருக்கும் அது பயன்படும். ஊரிலுள்ள மூத்த ஆசாரி ஒருவரை அழைத்து, தக்க ஊதியம் வழங்கி, வாரம் ஒருநாள் இளைஞர்க்கும் மகளிர் குழுவினர்க்கும் உளி தீட்டவும் மரம் தேரவும் கற்பிக்கச் செய்யலாம். இதனால் அவருடைய பிழைப்புக்குக் குறைவு வராது. கதவும் நிலையும் கூரையும் அவர் கையால் ஆக வேண்டியவையே. பிடி செதுக்கத் தெரிந்த உழவர், நல்ல தச்சு வேலையின் மதிப்பை மற்றவரைவிட நன்கறிவார்.

தச்சுத் தொழிலையே வாழ்வாகக் கொள்ள விரும்புவோர்க்கு அரசின் துணையும் உண்டு. 2025-இல் தொடங்கப்பட்ட கலைஞர் கைவினைத் திட்டத்தின்கீழ், கைவினைஞர்க்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 விழுக்காடு, 50,000 ரூபாய்க்கு மிகாமல், மானியமும் அறிவிக்கப்பட்டன. விண்ணப்பிப்பதற்கு முன் நடப்பு விதிகளை நாகர்கோவிலிலுள்ள மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறிந்துகொள்ளலாம்.

ஒரு பலாமரம் வளர்ந்து வைரம் பாயப் பல்லாண்டுகள் ஆகின்றன. அது அடுப்பில் எரிந்து முடிய ஒரு மாதம் போதும். அடுத்த காற்றுக்காலத்தில் சாயும் மரத்தை உடனே விறகுக்கு விலைபேசாமல், பலகையாக அறுத்து நிழலில் அடுக்கிவைக்க உழவர் பெருமக்கள் முற்படுவார்களாக. அதற்கு வேண்டிய கொட்டகையையும் கருவியையும் ஆசானையும் ஏற்படுத்தித் தருவதில் ஊராட்சி உறுப்பினர்கள் கருத்துச் செலுத்துவார்களாக.