சீ மொழியில் வரி வாசித்தல்

விசைப்பலகையில் தட்டப்படும் ஒரு வரியை வாங்கி வைத்தல், கணினிக்கு நிரல் எழுதப் புகும் நம் இளையோர் முதற்கண் பயிலும் செயல்களுள் ஒன்று. சீ மொழியில் இவ்வெளிய செயலே பெருங்கேட்டுக்கு வாயிலாயிற்று. அதனை ஈண்டுச் சிறிது விளக்குவாம்.

1970களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் றிச்சி ஆக்கிய இம்மொழி, நிரல் எழுதுவோரை முற்றும் நம்புவது. 80 எழுத்துக்கு இடம் ஒதுக்கினால், 81ஆவது எழுத்தை அது தானாகத் தடுப்பதில்லை. அடுத்துள்ள நினைவகத்தின்மேல் எழுதிவிடும். வரி வாசிப்பதற்கென இருந்த ‘கெட்ஸ்’ என்னும் சார்புக்கோ, இடம் எது என்று மட்டுமே சொல்லலாம். அதன் அளவைச் சொல்ல வழியே இல்லை.

1988 நவெம்பர் 2ஆம் நாள், கோர்னெல் பல்கலைக்கழக மாணவரான றொபேட் மொறிஸ் விடுத்த ‘புழு’ என்னும் நிரல் இணையத்திற் பரவிற்று. அது புகுந்த வழிகளுள் ஒன்று கெட்ஸ். ‘ஃபிங்கர்’ என்னும் சேவைநிரல் 512 பைற்று இடத்தில் வரி வாசித்தது. புழு அனுப்பியதோ 536 பைற்று. மிகுந்து வழிந்த எழுத்துக்கள், சார்பு வேலை முடித்துத் திரும்ப வேண்டிய முகவரியை மாற்றி, புழுவின் கட்டளைகளையே இயங்கச் செய்தன. 2011இல் வெளிவந்த சீ மொழி நியமத்திலிருந்து கெட்ஸ் நீக்கப்பட்டது.

அதற்கு மாற்றாக நாம் கொள்ளத்தக்கது ‘எஃப்கெட்ஸ்’. இடத்தின் அளவு 80 என்று சொன்னால், அது 79 எழுத்துக்களே வாங்கும். எஞ்சிய ஓரிடம் சரத்தின் முடிவைக் காட்டும் சுழிக்குரியது. இடமிருப்பின் வரிமுடிவுக் குறியையும் உடன் வைக்கும். பலர் இக்குறியைத் தொல்லையெனக் கருதி, இறுதி எழுத்தை நோக்காமலே வெட்டிவிடுகின்றனர். அது தவறு. அக்குறிதானே வரி முழுதும் வந்தது என்பதற்குச் சான்று! அது காணப்படாவிடின், வரி இடத்தினும் நீண்டதாதல் வேண்டும். அன்றேல் கோப்பு அக்குறியின்றி முடிந்திருத்தல் வேண்டும். நீண்ட வரியின் எச்சம் மறுமுறை வாசிக்கையில் வந்து நிற்கும். பெயரின் வால் முகவரியாகப் பதிவாகும். நினைவகம் காக்கப்பட்டது, தரவு கெட்டது. ஆதலின், எச்சத்தை வரிமுடிவு வரை வாசித்து அகற்றி, ‘வரி நீண்டது’ எனப் பயனர்க்கு அறிவித்தல் முறை. சார்பு வெறுஞ்சுட்டியைத் திருப்பினால், உள்ளீடு தீர்ந்தது அல்லது வழு நேர்ந்தது என்று கொண்டு, இடத்திலுள்ளதைத் தொடாது விடுக.

‘ஸ்கான்எஃப்’பில் அகலம் குறியாது சரம் வாசிப்பதும் கெட்ஸைப் போன்றதே. யுனிக்ஸ் வழிவந்த கணினிகளில் ‘கெட்லைன்’ உண்டு. அது வரிக்கேற்ப இடத்தைத் தானே பெருக்கும். அவ்விடத்தைப் பின்னர் விடுவித்தல் நம் பொறுப்பு.