லாகினுக்குப் பிறகு கேட்க வேண்டிய கேள்வி

புனே ஹிஞ்சவடியில் ஒரு அம்ருத்துல்ய டீக்கடை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் கேட்டார்: “அண்ணா, லாகின் பண்ணாம யாரும் உள்ள வர முடியாது. அப்புறம் எதுக்கு இடத்துக்கு இடம் பர்மிஷன் செக்?”

டீ ஆறினாலும் பரவாயில்லை, இதற்கு நிதானமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் யார் என்பதை லாகின் பார்த்துக்கொள்கிறது. கேட்கும் பொருளைத் தொட உங்களுக்கு உரிமை உண்டா என்பது தனி விசாரணை.

அலுவலகக் குழு மென்பொருளில் ஒரு பக்கத்தைத் திறக்கிறீர்கள். முகவரியின் கடைசியில் 4172 என்றிருக்கிறது. அதை 4173 என்று மாற்றி என்டர் தட்டுகிறீர்கள். உங்கள் லாகின் செல்லுமா? செல்லும். 4173 என்ற பக்கம் உண்டா? உண்டு. சர்வர் அனுப்பிவிடுகிறது. அது சம்பளப் பட்டியலாக இருந்தால்? எந்தப் பூட்டும் உடைபடவில்லை. கேட்க வேண்டிய ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை.

“உரிமை இல்லாதவங்களுக்குப் பட்டனையே மறைச்சிட்டோமே” என்பார்கள். பட்டன் இருப்பது திரையில்; கோரிக்கை போவது சர்வருக்கு. 2015இல் தமிழ்நாட்டைச் சேர்ந்த லட்சுமண் முத்தையா இதை ஃபேஸ்புக்கிலேயே காட்டினார். தன் ஆல்பத்தை அழிக்கச் சொல்லி ஏபிஐ வழியாகக் கோரிக்கை அனுப்பினார், மறுத்துவிட்டது. ஃபேஸ்புக்கின் சொந்த ஆண்ட்ராய்டு செயலிக்கான டோக்கனோடு அனுப்பியபோது அழிந்தது. எண்ணை மாற்றி இன்னொருவரின் ஆல்பத்துக்கு அனுப்பினார், அதுவும் அழிந்தது. எந்தச் செயலி கேட்கிறது என்று பார்த்த சர்வர், ஆல்பம் யாருடையது என்று பார்க்கவில்லை. தகவல் தெரிந்ததும் ஃபேஸ்புக் உடனே சரிசெய்து, அவருக்கு 12,500 டாலர் கொடுத்தது.

குழு மென்பொருளில் சிக்கல் இதைவிட அதிகம். ஒரே கோப்பைப் பக்கத்தில் பார்க்கலாம், தேடலில் பார்க்கலாம், மெயில் அறிவிப்பில் முதல் வரிகளைப் படிக்கலாம், எக்ஸ்போர்ட் செய்யலாம். பார்ப்பவர்களோ அட்மின், உறுப்பினர், கெஸ்ட், போன மாதம் ப்ராஜெக்டை விட்டுப் போனவர். பக்கத்தில் செக் வைத்தவர்கள் எக்ஸ்போர்ட்டில் மறந்துவிடுகிறார்கள். பெரும்பாலான ஓட்டைகள் இப்படி ஓரத்தில்தான் இருக்கின்றன என்பது என் எண்ணம்.

அட்லாசியன் நிறுவனத்தின் குழு மென்பொருளான கான்ஃப்ளூயன்ஸிலும் ஓட்டை ஓரத்தில்தான் இருந்தது. 2023 அக்டோபர் 31 அன்று அறிவிக்கப்பட்ட அந்த ஓட்டையால், கான்ஃப்ளூயன்ஸைச் சொந்த சர்வரில் வைத்திருந்த நிறுவனங்களில், லாகினே இல்லாத ஒருவர் மொத்தத்தையும் ரீசெட் செய்து தனக்கொரு அட்மின் கணக்கை உருவாக்கிக்கொள்ள முடிந்தது. சில நாட்களிலேயே ரான்சம்வேர் கும்பல்கள் புகுந்தன. ஓட்டையின் தீவிரத்துக்கான மதிப்பெண் பத்துக்குப் பத்து ஆனது.

கேள்வி போய்ச்சேராவிட்டால் என்ன ஆகும் என்பதைப் புனே வேறொரு விதத்தில் கண்டது. 2018 ஆகஸ்டில் காஸ்மாஸ் வங்கிக்குள் ஊடுருவியவர்கள், ஏடிஎம் கோரிக்கைகள் வங்கியின் மைய அமைப்புக்குப் போகாமல் தடுத்து, நடுவிலேயே ‘சரி’ என்ற பதிலைக் கொடுத்தார்கள். 28 நாடுகளில் பணம் எடுக்கப்பட்டது. வங்கிகளுக்கிடையேயான ஸ்விஃப்ட் வலையமைப்பு வழியே போனதும் சேர்த்து இழப்பு சுமார் 94 கோடி ரூபாய்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு வேலை சொன்னேன். இரண்டு கணக்குகள் வைத்துக்கொள். ஒன்றில் ஒரு கோப்பை உருவாக்கி, அதன் எண்ணை மற்றதிலிருந்து கேள்: பார்க்க, திருத்த, அழிக்க, தேட, எக்ஸ்போர்ட் செய்ய. ஐந்துக்கும் மறுப்பு வர வேண்டும். இதையே டெஸ்டாக எழுதி, ஒவ்வொரு ரிலீஸுக்கு முன்பும் ஓடவிடு. ஒன்று தவறினாலும் ரிலீஸ் நிற்கட்டும்.